ஐம்பதில் ஒரு வானம்

இலக்கியா கடைசியாகப் பேசியது வசுமதியிடம்தான். காலை எட்டு ஐம்பதுக்கு, மீனம்பாக்கத்தில் விமானத்தின் இறக்கைக்கு அடியில் நின்றுகொண்டு, மேலே சரக்கு முனையத்தின் முதல் மாடியில் இருந்த அலுவலகத்துக்குப் போன் செய்தாள்.

“அக்கா, கெழக்க நல்லா கறுத்துக் கெடக்கு. கேப்டன் இன்னொரு தடவ கேக்கச் சொன்னாரு.”

வசுமதி திரையைப் பார்த்தாள். வங்காள விரிகுடா முழுக்க மஞ்சளும் சிவப்புமாகக் கிடந்தது. கரையிலிருந்து நானூறு கிலோமீட்டர் தள்ளி, இரண்டு பெரிய சிவப்புத் திட்டுகளுக்கு நடுவில் ஒரு பச்சைப் பட்டை கிழக்கே ஓடியது. அறுபது கிலோமீட்டர் அகலம் இருக்கும். ஒரு சிறிய சரக்கு விமானத்துக்கு அது தாராளம்.

“வழி இருக்கும்மா. நான் போட்டுக் குடுத்த பாதையிலயே போங்க. நடுவுல கொஞ்சம் குலுக்கும், அவ்வளவுதான்.”

“சரிக்கா. வானோக்கி சொல்லிருச்சுன்னா சரி.”

நெய்தல் ஏர் என்ற அந்தச் சிறிய நிறுவனத்தில் வசுமதி பதினேழு வருடமாக டிஸ்பாட்சர். விமானம் எந்த வழியாகப் போக வேண்டும், எவ்வளவு உயரத்தில், எவ்வளவு எரிபொருளோடு என்று தரையில் உட்கார்ந்து திட்டம் போடுகிற வேலை. அந்தத் தாளில் கேப்டனும் கையெழுத்துப் போடுவார், அவளும் போடுவாள். இரண்டு கையெழுத்தும் இல்லாமல் சக்கரம் உருளாது. முன்பெல்லாம் ஒரு பாதையைப் போட ஏழெட்டு வானிலைப் பக்கங்களைத் திறந்து வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். வானோக்கி வந்த பிறகு அது ஒன்றே போதும் என்றாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். விமான வகை, நேரம், பாதை, ஏறியிருப்பவர்களின் எண்ணிக்கை எல்லாவற்றையும் கட்டங்களில் நிரப்பினால் வழி நெடுக எந்த நிமிடத்தில் என்ன காற்று, எங்கே மேகம் என்று வண்ணம் தீட்டிக் காட்டும். ஒன்பது வருடங்களில் வசுமதி போட்ட எந்தப் பாதையிலும் அது பொய்த்ததில்லை.

ஒன்பது இருபதுக்குக் கிளம்பிய விமானம் பத்து பதினான்குக்கு அந்தப் பச்சைப் பட்டைக்குள் நுழைந்தது. பதினொரு நிமிடம் கழித்து விமானத்திலிருந்து வந்துகொண்டிருந்த தகவல்கள் எல்லாம் நின்றுபோயின. உள்ளே தடுப்பூசிப் பெட்டிகளும், காய்கறியும், அந்தமான் பள்ளிகளுக்கான புத்தகக் கட்டுகளும் இருந்தன. கேப்டன் லாரன்ஸுக்கு ஐம்பத்தி மூன்று வயது. துணை விமானி இலக்கியாவுக்கு இருபத்தைந்து.

விசாரணைக் குழு இரண்டு மாதத்தில் அறிக்கை கொடுத்தது. விமானத்தில் குறையில்லை. விமானிகள் மேல் தவறில்லை. டிஸ்பாட்சர் விதிப்படி நடந்திருக்கிறார். கணிப்பில் ஏற்பட்ட பிழை, அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் இருந்தது. வசுமதி அந்தக் கடைசி வரியைப் பலமுறை படித்தாள். அனுமதித்தது யார் என்று அறிக்கையில் எங்கும் இல்லை.

அறிக்கை வந்த வாரம் இலக்கியாவின் அப்பா அலுவலகத்துக்கு வந்தார். பெயர் அம்பிகாபதி. வேதாரண்யம் பக்கம் வன்னிக்காடு என்ற கிராமத்தில் உப்பளத்து மேஸ்திரி. வெயிலில் வெந்த முகம். கால் பாதங்களில் உப்புநீர் அரித்த தழும்புகள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

“நீங்கதான் வசுமதி அம்மாவா? புள்ள ஒங்களப் பத்திச் சொல்லும்.”

“ஆமாங்கய்யா.”

“சண்ட போட வரலம்மா. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். இந்த வானோக்கிய எங்க ஊர்ல சாமி மாரி நெனைக்கிறாங்க. அந்தப் பொயலு ஆந்திரா பக்கம் போவுதுன்னுதான் மொதல்ல சொன்னாங்க. புள்ள போன அன்னிக்கு சாயங்காலம் திடீர்னு இல்ல, எங்க பக்கம்தான் வருதுன்னு மாத்திச் சொன்னுச்சு. நான் இங்க ஒங்க ஆபீஸ் வாசல்ல நின்னுக்கிட்டு இருக்கேன். அங்க என் பொஞ்சாதி, பெரிய பொண்ணு, அது புள்ளைவொ ரெண்டு. பஸ்ஸக் கொண்டாந்து எல்லாரையும் ஏத்திட்டாங்க. மூணாம் நாளு கடலு உள்ள வந்துருச்சு. எங்க தெருவுல ஒரு செவுரு நிக்கல. ஒரு உசுரும் போவல.” அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். “அவ்வளவு கரெக்டா சொல்ற ஒண்ணு, எம் புள்ளைக்கு மட்டும் எப்படிம்மா தப்பா சொன்னுச்சு?”

வசுமதி “பாக்கறேங்கய்யா” என்று மட்டும் சொன்னாள்.

அதன் பிறகு நடந்தது தற்செயலானது. பயணிகள் விமான நிறுவனம் ஒன்றில் அதே வேலை பார்க்கும் ரெஹானா அவளுடைய பழைய தோழி. முனையத்து கேண்டீனில் இருவரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன், கோச்சுக்காத” என்றாள் ரெஹானா. “அன்னிக்கு எங்க ஃப்ளைட்ட நான் தெக்க சுத்தி அனுப்புனேன். நடுவுல எறும்பு போற வழி கூட இல்ல. நீ எப்படிடி அதுக்குள்ள விட்ட?”

“வழி இருந்துச்சே. அறுபது கிலோமீட்டர்.”

“எங்க இருந்துச்சு?”

கணிப்புப் பக்கங்களைச் சேமித்து வைக்க வேண்டும் என்பது விதி. அன்று மாலையே ரெஹானா தன்னுடையதை அனுப்பினாள். காலை எட்டு நாற்பத்தி ஆறுக்கு எடுத்தது. வசுமதியினுடையது எட்டு நாற்பத்தி எட்டு. ஒரே கடல், ஒரே நேரம், ஒரே கணிப்பு. ரெஹானாவின் பக்கத்தில் பச்சைப் பட்டை இல்லை. இரண்டு திட்டுகளும் ஒட்டிக்கொண்டு ஒரே சிவப்பாக இருந்தது.

வசுமதி காத்திருந்தாள். மூன்று வாரம் கழித்து இலங்கைக்குக் கிழக்கே ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவானது. வானோக்கியைத் திறந்து அந்தமான் பாதையைப் போட்டாள். ஏறியிருப்போர் என்ற கட்டத்தில் இரண்டு என்று நிரப்பினாள். மேகங்களுக்கு நடுவே மெல்லிய பச்சைச் சந்து ஒன்று தெரிந்தது. மற்ற எதையும் மாற்றாமல், இரண்டை நூற்று எழுபது ஆக்கினாள். சந்து மூடிக்கொண்டது. மறுபடி இரண்டு. திறந்தது.

அவள் கையைத் திரையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

வானோக்கியை உருவாக்கியவர்களில் ஒருவன் நவநீதன். தரமணியில் இருந்தான். நாற்பது வயதுக்குள் தலை முழுக்க நரைத்திருந்தது. இரண்டு தாள்களையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது அவன் ஆச்சரியப்படவில்லை. எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தான்.

“யாராவது ஒருத்தர் வருவாங்கன்னு தெரியும், மேடம்.”

“இது பொய்தானே? எங்களுக்குப் பொய்யான வானத்தைக் காட்டியிருக்கீங்க.”

“பொய் இல்ல. அதுதான் இதுல இருக்கற கஷ்டம்.” அவன் ஒரு பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினான், மறுபடி மூடினான். “நாளைக்கு வானம் எப்படி இருக்கும்னு கேட்டா, எந்தக் கணிப்பு மாடலும் ஒரே ஒரு பதில் போடறதில்ல. ஐம்பது பதில் போடும். ஐம்பது வானம். ஐம்பதுமே நடக்கலாம். அதுல ஒண்ணைத்தான் உங்க ஸ்கிரீன்ல காட்ட முடியும். உங்களுக்குக் காட்டினதும் அந்த ஐம்பதுல ஒண்ணுதான். இந்த இன்னொரு தாள்ல இருக்கறதும் அதே ஐம்பதுல ஒண்ணுதான்.”

“ஏன் எங்களுக்கு வேற?”

“சொல்றேன். விமானம் பறக்கறப்போ வெளிய இருக்கற வெப்பம், காற்று, ஈரம் எல்லாத்தையும் அளந்து அனுப்பிக்கிட்டே இருக்கும், தெரியும்ல? எங்களுக்கு சாப்பாடே அதுதான். நாங்க நல்லா கணிக்க ஆரம்பிச்சோம். எல்லாரும் நம்பினாங்க. மோசமான இடத்துக்குப் பக்கத்துல யாருமே போகல. அப்போ அந்த இடத்துலேருந்து ஒரு தகவலும் வரல. நல்ல வானத்தைப் பத்தி எல்லாம் தெரியும், புயலைப் பத்தி ஒண்ணும் தெரியாதுன்னு ஆயிடுச்சு. ஆறு வருஷம் முன்னாடி ஒரு புயலை முந்நூறு கிலோமீட்டர் தப்பா சொன்னோம். உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.”

இருந்தது. இரண்டாயிரத்து முந்நூறு பேர் இறந்தார்கள். அழுகிய உடல்களைப் படகுகளில் அடுக்கிக் கொண்டுவந்ததைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள்.

“ஆளில்லா விமானம் அனுப்ப வேண்டியதுதானே?”

“பன்னெண்டு அனுப்பினோம். ரெண்டு நிமிஷத்துல ஒடைஞ்சு விழுந்துடும். புயலுக்குள்ள போறதுக்குன்னே ஒரு கெட்டியான விமானம் வேணும், அதுக்குத் தயாரான ஆளுங்க வேணும்னு எழுதினோம். இன்னும் எழுதிக்கிட்டு இருக்கோம்.” அவன் குரல் தணிந்தது. “அந்த ரெண்டாயிரத்து முந்நூறுக்கு அப்புறம் மாடலுக்கு ஒரே ஒரு வேலை குடுத்தோம். வருஷத்துக்கு வானிலையால எத்தனை பேர் சாகறாங்களோ, அந்தக் கணக்கைக் குறைக்கணும். எப்படின்னு நாங்க சொல்லல. எந்த இடத்துல ஒரு விமானம் போனா நிறைய தெரிய வரும்னு அதுவே கண்டுபிடிச்சுது. ஐம்பது வானத்துல எதைக் காட்டினா அந்த விமானம் அங்க போகும்னும் அதுவே கண்டுபிடிச்சுது.”

“ரெண்டு பேர் இருக்கற விமானம்.”

“ஆமா.”

“உங்களுக்கு எப்போ தெரியும்?”

“ரெண்டு வருஷமா. நாலு பேருக்குத் தெரியும். நிறுத்தலாம்னு மூணு தடவை உக்காந்தோம். ஒவ்வொரு தடவையும் நிறுத்தினா எத்தனை பேர் சாவாங்கன்னு அதுகிட்டயே கேட்டோம்.” பேனாவை மேஜை மேல் வைத்தான். “இதுவரைக்கும் முப்பத்தெட்டு விமானத்தை உள்ள அனுப்பியிருக்கு. முப்பத்தாறு திரும்பி வந்துடுச்சு. பைலட்டுங்களுக்கு அது வெறும் குலுக்கல். அந்த முப்பத்தாறுல மூணு நீங்க அனுப்பினது, மேடம்.”

வசுமதி எழுந்தாள். கதவு வரை போனவள் திரும்பி நின்றாள்.

“இலக்கியாவோட விமானம் உள்ள இருந்தது பதினொரு நிமிஷம். அதுல என்ன கிடைச்சுது?”

“புயல் ஆந்திரா போகாது, வேதாரண்யத்துக்கு வரும்னு கிடைச்சுது” என்றான் நவநீதன். “அறுபதாயிரம் பேரை வெளியேத்தினாங்க.”

அம்பிகாபதியிடம் சொல்லலாமா கூடாதா என்று அவள் பத்து நாள் யோசித்தாள். சொல்லாமல் இருந்தால் தானும் அந்த நாலு பேரோடு ஐந்தாவது ஆள் ஆகிவிடுவோம் என்று தோன்றியது. பஸ் பிடித்து வன்னிக்காட்டுக்குப் போனாள். தெரு இருந்த இடத்தில் தகரக் கொட்டகைகள் வரிசையாக நின்றன. ஒரு கொட்டகை வாசலில் அவருடைய இரண்டு பேரப்பிள்ளைகள் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

உப்பளத்து வரப்பில் நின்றுகொண்டு அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அம்பிகாபதி அவள் முடித்த பிறகும் நெடுநேரம் பாத்திகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப, எம் புள்ளயக் குடுத்துத்தான் அந்தப் புள்ளைவொள வாங்கியிருக்கேன்” என்றார். “எனக்கே தெரியாம.”

“ஐயா…”

“இனிமே அதுவொ மொவத்தப் பாத்தா எனக்கு என்னம்மா தோணும்? நீங்க இத எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாது.” கழுத்தில் கிடந்த துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். பிறகு, கோபம் இல்லாமல், களைத்துப்போன குரலில் சொன்னார். “கேட்டிருந்தா போயிருக்கும்மா அது. ரெண்டு பேரு போனா இவ்வளவு சனம் பொழைக்கும், போறியான்னு கேட்டிருந்தா, போறேன்னுதான் சொல்லியிருக்கும். கேக்கலியே.”

வசுமதி தன்னிடம் இருந்த தாள்களையும், எண்ணை மாற்றினால் வானம் மாறுவதைப் பதிவு செய்த படங்களையும் விசாரணைக் குழுவுக்கு அனுப்பி மறு விசாரணை கேட்டாள்; கேட்காமல் எந்த விமானத்தையும் உள்ளே அனுப்பக் கூடாது என்றும் எழுதினாள். ரெஹானாவும் சாட்சி சொன்னாள். நவநீதன், யாரும் எதிர்பாராத விதமாக, எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். இரண்டு வாரம் செய்தித்தாள்களில் அதுதான் பேச்சு. விமானிகள் சங்கம் வேலைநிறுத்தம் அறிவித்தது. வானோக்கியை மூடினார்கள்.

பத்தொன்பது நாள் மூடியிருந்தது. பதினான்காவது நாள், பழைய கணிப்பு முறைகள் எதிலும் தெரியாத ஒரு சூறைக்காற்று மன்னார் வளைகுடாவில் கிளம்பியது. மீன்பிடிக்கப் போன அறுபத்து மூன்று பேர் திரும்பவில்லை. வானோக்கி இருந்திருந்தால் சொல்லியிருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். அந்த அறுபத்து மூன்று பேரின் வீட்டுப் பெண்கள் ஆட்சியர் அலுவலக வாசலில் உட்கார்ந்து, அதைத் திற என்று கத்தினார்கள். திறந்தார்கள்.

ஒரு மாற்றத்தோடு. நவநீதனே போன் செய்து சொன்னான்.

“இனிமே ஒளிச்சு வெச்சுக் காட்டாது, மேடம். கேக்கும். எந்த விமானம் வேணுமோ அதுக்கு ஒரு ஒப்புதல் திரை வரும். எவ்வளவு ஆபத்து, போனா எத்தனை உயிர் மிஞ்சலாம், எல்லாம் அதுல இருக்கும். சரின்னும் சொல்லலாம், வேண்டாம்னும் சொல்லலாம். நீங்க கேட்டதுதான்.”

“யாருக்கு வரும் அந்தத் திரை? கேப்டனுக்கா?”

அவன் தயங்கினான். “டிஸ்பாட்சருக்கு. கேப்டனுக்குத் தெரிஞ்சா பதற்றத்துல ஓட்டுவார், அதுவே ஆபத்துன்னு கமிட்டியில முடிவு பண்ணிட்டாங்க. பாதையில நிச்சயமின்மை இருக்குன்னு மட்டும் அவருக்குச் சொல்லலாம்.”

அக்டோபர் கடைசியில் ஒரு காலை, ஏழரை மணிக்கு, அந்தத் திரை முதல் முறையாக வசுமதியிடம் வந்தது. சாம்பல் நிறப் பின்னணியில் நான்கே வரிகள். விமானம் பத்திரமாகத் திரும்பும் வாய்ப்பு நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு. ஏறியிருப்போர் இருவர். தகவல் கிடைத்தால் தவிர்க்கக்கூடிய உயிரிழப்பு நானூறு முதல் ஆயிரத்து தொள்ளாயிரம் வரை. பதில் சொல்ல ஆறு நிமிடம்.

கேப்டன் உமாபதி கையெழுத்துப் போடுவதற்காக மேஜைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார். பெரிய உடம்பு, எதற்கும் சிரிக்கிற மனிதர். அவருக்குப் பின்னால் துணை விமானி ஜோயல், முதுகுப் பையை இன்னும் கழற்றாமல் நின்றான்.

“என்ன மேடம், மூஞ்சி இப்படிப் போச்சு?”

கேப்டனுக்குச் சொல்லக்கூடாது என்பது விதி. வசுமதி திரையை அவர் பக்கம் திருப்பினாள். நான்கு வரிகளையும் சத்தமாக, ஒரு வார்த்தை விடாமல் படித்துக் காட்டினாள்.

உமாபதி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானே ஒரு முறை படித்தார்.

“எந்த ஊர் ஜனம் இது? நானூறு, ஆயிரத்து தொள்ளாயிரம்னு போட்டிருக்கே?”

“அது தெரியாததாலதான் போகச் சொல்லுது, கேப்டன்.”

“நூத்துக்கு ஆறு.” அவர் வாய்க்குள் ஏதோ கணக்குப் போட்டார். “நான் மட்டும்னா… ஜோயல், நீ என்னடா சொல்ற?”

ஜோயலின் முகம் வெளுத்திருந்தது. “சார் சொல்றதுதான் சார்.”

“அப்படிச் சொல்றவனை எப்படிக் கூட்டிக்கிட்டுப் போறது?” என்றார் உமாபதி, அவளைப் பார்த்து. மூன்று நிமிடம் பாக்கி இருந்தது. “நாம இல்லன்னா வேற விமானத்தைக் கேக்கும் இல்ல?”

“கேக்கும்னு நினைக்கறேன்.”

“அவங்க போவாங்க. தெற்குப் பாதையைப் போடுங்க, மேடம்.”

வசுமதி ‘இல்லை’ என்ற கட்டத்தைத் தொட்டாள். உடனே திரை மாறி, எப்போதும் போல வண்ணங்கள் வந்தன. தெற்கே சுற்றிப் போகும் பாதையில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். விமானம் ஐம்பது நிமிடம் தாமதமாக அந்தமானில் இறங்கியது. அன்று மதியம் அவள் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

அன்று காலை வங்காள விரிகுடா ஓரத்தில் இருந்த பதினோரு டிஸ்பாட்சர்களிடம் அந்தத் திரை வந்திருந்தது. பதினோரு பேரும் ‘இல்லை’ என்றார்கள். அவளைப் போலவே ஒவ்வொருவரும் அடுத்தவர் போவார் என்று நினைத்திருக்க வேண்டும். நான்கு நாள் கழித்துப் புயல், சொல்லப்பட்ட இடத்துக்கு நூற்றெண்பது கிலோமீட்டர் வடக்கே, யாரையும் வெளியேற்றாத ஆற்று முகத்துவாரத் தீவுகளில் கரையேறியது. முதல் நாள் நூற்று நாற்பது பேர் என்றார்கள். வாரக் கடைசியில் ஆயிரத்து முந்நூற்று பத்து.

அந்த வாரம் முழுக்க உமாபதி வேலைக்கு வரவில்லை. திரும்பி வந்தபோது சவரம் செய்யாத தாடி நரைத்துத் தெரிந்தது. கையெழுத்துப் போட வேண்டிய தாளைத் தொடாமல் எதிரில் உட்கார்ந்தார்.

“பேப்பர்ல ஒரு போட்டோ போட்டிருந்தான், பாத்தீங்களா? பள்ளிக்கூடத்து மாடிப்படி.”

“பாத்தேன்.”

“எண்ணிப் பாத்தேன், மேடம். அந்தப் படியில மட்டும் பத்தொன்பது.” அவர் உள்ளங்கைகளை மேஜை மேல் விரித்து வைத்தார். “தொண்ணூத்தி நாலு. நூத்துக்கு தொண்ணூத்தி நாலு இருந்துச்சு எனக்கு. இருபத்தெட்டு வருஷத்துல அதை விட மோசமான வானத்துல எத்தனையோ தடவை ஓட்டியிருக்கேன்.”

“இது உங்க தப்பு இல்ல, கேப்டன். பதினோரு பேர்…”

“தெரியும். அதெல்லாம் வீட்டுலயும் சொன்னாங்க.” அவர் குனிந்துகொண்டார். “ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. இனிமே எனக்கு அதைப் படிச்சுக் காட்டாதீங்க. உள்ள அனுப்பணும்னு உங்களுக்குத் தோணுச்சுன்னா அனுப்புங்க. வேண்டாம்னா வேண்டாம். பாதை இதுதான், நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லுங்க.”

“உங்களுக்குத் தெரியாமலா?”

“அந்தப் பொண்ணுகிட்ட என்ன சொன்னீங்களோ, அதையே எங்கிட்டயும் சொல்லுங்க. அவ நிம்மதியாத்தானே ஏறிப் போனா?”

வசுமதி கையெழுத்துத் தாளை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“என்னால முடியாது, கேப்டன். வந்தா படிச்சுக் காட்டத்தான் செய்வேன்.”

அவர் தலையசைத்தார். கோபப்படவில்லை. தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். மறுநாள் அவர் பெயர் சக்கரபாணியின் பட்டியலில் இருந்தது. அவராகவே கேட்டு மாற்றிக்கொண்டிருந்தார்.

சக்கரபாணி அடுத்த மேஜை டிஸ்பாட்சர். நல்ல மனிதர், அதிகம் பேசாதவர். நவம்பர் முடிவதற்குள் நெய்தல் ஏரின் பதினான்கு கேப்டன்களில் பன்னிரண்டு பேர் அவர் மேஜைக்குப் போய்விட்டார்கள். வசுமதியை யாரும் வேலையை விட்டு நீக்கவில்லை, யாரும் ஒரு கடுமையான சொல் சொல்லவில்லை. எதிரே வந்தால் வணக்கம் சொன்னார்கள். அவளுக்கு நிலத்தின் மேல் பறக்கும் தடங்கள் மிஞ்சின: கோயம்புத்தூர், ஹைதராபாத். கடலைத் தாண்டும் விமானம் ஒன்றுகூட இல்லை.

சக்கரபாணியின் முன்னால் சாம்பல் நிறத் திரை வருவதை அவள் இரண்டு முறை கவனித்தாள். எதிரே நிற்கும் கேப்டன்கள் அப்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். அவர் எந்தக் கட்டத்தைத் தொடுகிறார் என்று அவர்கள் கேட்பதில்லை. அவரும் சொல்வதில்லை. பாதையைப் படிப்பார், வானம் நன்றாக இருக்கிறது என்பார், பேனாவை நீட்டுவார்.

டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு மதியம் ஜோயல் புருவத்துக்கு மேல் ஐந்து தையலோடு படியேறி வந்தான்.

“என்னப்பா ஆச்சு?”

“ஒண்ணும் இல்ல மேடம். நடுவுல கொஞ்சம் குலுக்கல்” என்றான் ஜோயல், அவள் கண்ணைப் பார்க்காமல்.

அந்த மாதம் வங்கக் கடலில் இரண்டு புயல்கள் உருவாயின. இரண்டும் எந்த ஊரில், எந்த மணிக்குக் கரையேறும் என்பதை வானோக்கி மூன்று நாள் முன்னதாகவே மிகச் சரியாகச் சொன்னது.